மூன்று முறை கேஸ் அடித்தும் ஏசி குளிரவில்லை: டாஷ்போர்டைக் கழற்றச் சம்மதிக்கலாமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர் ஒருவரின் நீண்ட கடிதம் இது. சுருக்கித் தருகிறேன்.

அவருடையது ஆறு வயதான பெட்ரோல் கார். ஆர்-134ஏ என்ற வகை குளிர்விக்கும் கேஸ், பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் 450 கிராம் என்று போட்டிருக்கிறது. முதல் ஐந்து வருஷம் ஏசியில் யாரும் கை வைக்கவில்லை. பிறகு குளிர்ச்சி குறைய, கேஸ் அடித்தார்கள். அது ஐந்து மாதம் வந்தது. அடுத்த முறை அடித்தது மூன்று மாதம். கடைசியாக அடித்தது ஏழே வாரம். முதல் மெக்கானிக், "வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போடறது சகஜம்தான்" என்றார். இரண்டாமவர் வேக்கம் போட்டு (உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி வெற்றிடமாக்கி), பத்து நிமிடம் முள்ளைப் பார்த்துவிட்டு, "அசையல, லீக் இல்ல" என்று சொல்லி நிரப்பி அனுப்பினார். மூன்றாவது ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேஜ் மாட்டி, 95 பிஎஸ்ஐ (சுமார் ஆறரை பார்) அழுத்தம் இருப்பதால் கேஸ் அளவு சரிதான் என்றார்கள். யூவி டை (புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம்) ஏற்றி, அன்று மாலையே விளக்கடித்துப் பார்த்தார்கள். எங்கும் ஒளிரவில்லை. "அப்போ கூலிங் காயில்தான் போயிருக்கு, டாஷ்போர்டைக் கழட்டணும்" என்பது அவர்கள் முடிவு. (கேபின் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் டாஷ்போர்டுக்குள்தான் இருக்கிறது.) இதற்கிடையே நண்பர் ஒருவர், லீக்கை உள்ளிருந்தே அடைக்கும் கேன் ஒன்றை ஏற்றினால் போதும் என்கிறார்.

அவர் கேட்பது மூன்று. டாஷ்போர்டைக் கழற்ற ஒப்புக்கொள்ளலாமா? மூன்று முறை காசு வாங்கியவர்களிடம் எதைக் கேட்க உரிமை உண்டு? லீக் சரியாகும்வரை ஏசியைப் போடாமல் வைத்திருந்தால் கேஸ் மிஞ்சுமா?

அன்புள்ள வாசகருக்கு,

டாஷ்போர்டில் கை வைக்க இப்போது சம்மதிக்காதீர்கள். கூலிங் காயில் கெட்டிருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. கெட்டிருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் அதற்கான சான்று ஒன்றுகூட இல்லை. "வேறு எங்கும் தெரியவில்லை, ஆகவே அதுதான்" என்பது ஊகம். ஒரு முழு நாள் பிடிக்கும் வேலையை, அதுவும் ஏர்பேக் ஒயரிங் வரை கழற்றி மாட்டும் வேலையை, ஊகத்தை நம்பி ஆரம்பிக்கக் கூடாது.

முதலில் உங்கள் லீக் எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். இதுவரை யாரும் இந்தக் கணக்கைப் போடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. குளிர்ச்சி குறைவது நன்றாகத் தெரிகிறது என்றால் கேஸ் ஏறக்குறைய பாதிக்கு வந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது ஏழு வாரத்தில் 225 கிராம், ஒரு நாளைக்கு நாலரை கிராமுக்குச் சற்று மேல், வருஷத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகம். ரப்பர் ஹோஸ் வழியாகவும் சீல்கள் வழியாகவும் எல்லாக் கார்களிலும் கொஞ்சம் கேஸ் கசியத்தான் செய்யும். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் கொண்டுவந்த விதியில், ஒரு கூலிங் காயில் உள்ள வண்டிக்கு வருஷத்துக்கு 40 கிராம் என்பதே உச்சவரம்பு. உங்கள் வண்டி அதைப்போல் நாற்பது மடங்கு விடுகிறது. முதல் ஐந்து வருஷம் ஒரு சொட்டு கேஸ் போடாமல் ஓடிய வண்டி இது. ஆகவே "வருஷா வருஷம் போடறது சகஜம்" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.-யின் ஜே-2791 தரத்தில் உள்ள எலெக்ட்ரானிக் லீக் டிடெக்டர் வருஷத்துக்கு 4, 7, 14 கிராம் என்ற அளவிலான கசிவுகளையே பிடிக்க வேண்டும். உங்கள் லீக் பக்கத்தில் அதைக் கொண்டுபோனால் அலறும். சோப்புத் தண்ணீருக்கே இது தெரியும் அளவுதான்: நாளைக்கு நாலரை கிராம் என்றால் நிமிடத்துக்கு முக்கால் மில்லிலிட்டர் கேஸ். ஓட்டையின் மேல் நுரை படிந்திருந்தால் ஒரு நிமிடத்துக்குள் குமிழி எழும்பிவிடும். இவ்வளவு பெரிய லீக் மூன்று இடங்களில் சிக்கவில்லை என்றால் முறையாகத் தேடவில்லை, அல்லது கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது, அல்லது வண்டி ஓடும்போது மட்டும் திறக்கிறது. இந்த மூன்றில் எது என்று பிரித்தறிவதுதான் இனி செய்ய வேண்டிய வேலை.

உங்களிடம் சொல்லப்பட்டவற்றில் எது சரி, எது தவறு

வேக்கம் நின்றது, அதாவது முள் அசையவில்லை, என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். வேக்கம் போடுவது ஈரத்தை எடுப்பதற்கு. 30 டிகிரியில் தண்ணீர் சுமார் 42 மில்லிபாரிலேயே கொதித்து ஆவியாகிவிடும்; அந்த ஆவியைப் பம்ப் இழுத்து வெளியேற்றுகிறது. லீக் சோதனையாக அது மிகப் பலவீனமானது. நிற்கிற வண்டியில் கேஸ் உள்ளிருந்து ஏழு பாருக்கு மேல் (வெளிக்காற்றின் ஒரு பாரையும் சேர்த்து) தள்ளிக்கொண்டிருக்கிறது. வேக்கத்தில் வெளிக்காற்று ஒரே ஒரு பார் அழுத்தத்தில் உள்ளே வரப் பார்க்கிறது. மெல்லிய விரிசலில் பாய்வு அழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறும் என்பதால், உள்ளே வரும் காற்று வெளியே போகும் கேஸில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. உங்கள் லீக் அளவுக்குக் கணக்குப் போட்டால், பத்து நிமிடத்தில் உள்ளழுத்தம் ஒரு பாரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட ஏறாது. சாதாரண கேஜ் முள் அதை எப்படிக் காட்டும்? போதாக்குறைக்கு ஜாயின்ட்டுகளின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும், கம்ப்ரஸர் தண்டைச் சுற்றிய ஷாஃப்ட் சீலும் வேக்கத்தில் உள்பக்கம் இழுக்கப்பட்டு, தற்காலிகமாகச் சரியாக உட்கார்ந்துவிடுவதும் உண்டு. வேக்கம் நிற்கவில்லை என்றால் பெரிய லீக் இருக்கிறது, அல்லது உள்ளே ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நின்றது என்பதால் லீக் இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்து அந்த 95 பிஎஸ்ஐ. இன்ஜின் நின்றிருக்கும்போது கேஜ் காட்டுவது கேஸின் அளவை அல்ல, அதன் வெப்பநிலையை. உள்ளே துளி திரவம் இருக்கும்வரை ஆர்-134ஏ 25 டிகிரியில் 82, 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114 பிஎஸ்ஐ என்று காட்டும். 450 கிராம் இருந்தாலும் அதே எண்தான், 100 கிராம் மிஞ்சியிருந்தாலும் அதே எண்தான். "அன்று கொஞ்சம் வெக்கையான நாள், உள்ளே ஏதோ கேஸ் இருக்கிறது" என்பதைத் தவிர உங்கள் 95-இலிருந்து வேறெதுவும் தெரியாது. கேஸ் அளவைச் சொல்லக்கூடியது தராசு மட்டும்தான்: மெஷினில் முழுவதையும் உறிஞ்சி எடுத்து எத்தனை கிராம் என்று பார்க்க வேண்டும்.

யூவி டை விஷயத்தில் முறை சரி, அவசரம்தான் கெடுத்தது. டை கேஸோடு போவதில்லை. கம்ப்ரஸர் ஆயிலோடு சுற்றுகிறது. ஆயில் கசிந்து வெளியே வந்தால்தான் ஒளிரும். வண்டி சில நாட்கள் ஏசியோடு ஓட வேண்டும். சிறு கசிவென்றால் இரண்டு வாரம்கூட ஆகும். பார்க்கும்போதும் வெளிச்சமில்லாத இடம், மஞ்சள் கண்ணாடி, நல்ல யூவி விளக்கு மூன்றும் வேண்டும். பட்டப்பகலில் திறந்தவெளியில் அடித்துப் பார்ப்பது பார்க்காததற்குச் சமம். ஒரு சௌகரியம், டை ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. இன்னொரு டோஸ் ஏற்றவிடாதீர்கள். வழக்கமான அளவே ஏழெட்டு மில்லிதான். மேலும் மேலும் ஏற்றினால் ஆயிலின் பிசுபிசுப்பு மாறும்.

லீக் அடைக்கும் கேனைத் தொடவே தொடாதீர்கள். அவற்றில் பல, ஈரமோ காற்றோ பட்டால் கெட்டியாகும் ரசாயனம். ஓட்டை வாயில் கெட்டியாவதுபோலவே உள்ளே ஈரம் இருக்கும் இடத்திலும் கெட்டியாகும். கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளை அடைபடும். அதன்பின் எந்த ஒர்க்‌ஷாப்பும் கேஸை உறிஞ்சும் தன் ரெக்கவரி மெஷினை உங்கள் வண்டியில் மாட்டத் தயங்கும், ஏனென்றால் மெஷினுக்குள்ளும் அது உறையும். ஷாஃப்ட் சீல் தேய்ந்திருந்தாலோ காயில் அரித்திருந்தாலோ அந்தக் கேனால் ஒரு பயனும் இல்லை.

எந்த வரிசையில் தேடச் சொல்ல வேண்டும்

முதலில் உறிஞ்சி எடை பார்க்கட்டும். பிறகு ஸ்டிக்கரில் உள்ள அளவை எடைபோட்டு ஏற்றி, ஏசியைப் பத்து நிமிடம் ஓட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டுத் தேடட்டும். நிறுத்துவதில் காரணம் இருக்கிறது. ஓடும்போது கூலிங் காயில் பக்கம் இரண்டு பார் அளவுதான் அழுத்தம். நின்ற பிறகு இரு பக்கமும் சமமாகி அங்கே ஆறேழு பார் வந்துவிடும். காயிலில் லீக் இருந்தால் நின்ற வண்டியில்தான் நன்றாகக் கசியும். ஃபேன் காற்று இல்லாததால் கசிந்த கேஸும் கலையாமல் அங்கேயே தங்கும்.

டிடெக்டர் முனையை ஜாயின்ட்டிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் வைத்து, வினாடிக்கு 25 முதல் 50 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்த வேண்டும். விசிறி வீசுவதுபோல ஆட்டிக் காட்டுவதில் புண்ணியமில்லை. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும். ஆகவே ஒவ்வொரு ஜாயின்ட்டையும் அடிப்பக்கமாகச் சுற்றிவர வேண்டும். கருவி அலறிய இடத்தை எண்ணெய் போகத் துடைத்து, காற்றடித்துக் கலைத்துவிட்டு மறுபடி காட்ட வேண்டும். மூன்று முறையும் அதே இடத்தில் அலறினால்தான் அது லீக். கண்ணாடி கழுவும் திரவம், பிரேக் கிளீனர் போன்றவற்றின் ஆவிக்கும் சில கருவிகள் அலறும். அதை வைத்து முடிவெடுத்து நல்ல பாகத்தை மாற்றியவர்கள் உண்டு.

எங்கெல்லாம் பார்ப்பது? முதலில் இரண்டு சர்வீஸ் வால்வுகள். உள்ளே இருப்பது டயர் டியூபில் உள்ளதைப் போன்ற சின்ன வால்வு பின். ஒவ்வொரு முறை கேஜ் மாட்டும்போதும் அது அழுத்தப்பட்டு எழும்புகிறது. ஒரு தூசு உட்கார்ந்தால் போதும், மூடாது. மூடியைக் கழற்றி, வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கண் எடுக்காமல் பாருங்கள். மெல்ல உப்பி வரும் ஒரு குமிழி போதும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையமும் ஒரு சீல்தான், அது இல்லாத மூடியை மாற்ற வேண்டும். உங்கள் வண்டியில் கேஸ் அடிக்க அடிக்க லீக் வேகம் கூடியிருக்கிறது என்பதால், இந்த இடத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இதை நீங்களே செய்துபார்க்கலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பின்னைக் கையாலோ குச்சியாலோ அழுத்தாதீர்கள். பீறிடும் திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது, தோலையும் கண்ணையும் உறையவைக்கும்.

அடுத்து, கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர். வண்டியின் மூக்கிலேயே இருப்பதால் கல்லடியும் சேறும் முதலில் அதற்குத்தான். தகடுகளின் நடுவே தூசு பிடித்துக் கறுத்த எண்ணெய்த் திட்டு தெரிந்தால் அங்கே ஓட்டை. கீழ் மூலைகளையும், பம்பருக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஓரங்களையும் விட்டுவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு கம்ப்ரஸர். ஷாஃப்ட் சீல் சுழலும்போது மட்டும் கசிவது உண்டு. நின்ற வண்டியில் டிடெக்டர் அதைத் தவறவிடலாம். அதற்கு டைதான் சாட்சி: கம்ப்ரஸர் கிளட்ச் தட்டு விளிம்பிலும் அதற்கு நேரான பானெட் அடிப்பக்கத்திலும் வட்டமாகத் தெறித்த பச்சை ஒளிரும். லேசான ஈரம் மட்டும் இருந்தால் பதற வேண்டாம், தெறிப்பு இருந்தால்தான் பிரச்சினை. கம்ப்ரஸரில் உள்ள பாதுகாப்பு வால்வையும் பார்க்க வேண்டும். அளவு தெரியாமல் மேலே மேலே கேஸ் ஏற்றியோ, கண்டென்சர் ஃபேன் ஓடாமலோ அழுத்தம் எகிறினால் அது திறந்து கேஸைக் கொட்டிவிடும். அப்படியானால் ஓட்டை தேடிப் பயனில்லை, ஃபேனைத்தான் பார்க்க வேண்டும். ஹோஸின் கிரிம்ப் முனைகள், பிரஷர் சுவிட்ச், வண்டியின் உடலில் உரசும் அலுமினியப் பைப், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் எக்ஸ்பான்ஷன் வால்வு ஓ-ரிங்குகள், இவையெல்லாம் ஒரு சுற்றில் முடிந்துவிடும்.

கூலிங் காயில்தானா என்று அறிய

கழற்றாமலே அறிய மூன்று வழிகள் உண்டு. புளோயரை முழு வேகத்தில் கால் நிமிடம் ஓட்டிப் பழைய காற்றை வெளியேற்றி நிறுத்துங்கள். பத்து, பதினைந்து நிமிடம் யாரும் கதவைத் திறந்து மூட வேண்டாம். பிறகு வண்டிக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டும் குழாய் வாயிலும், முடிந்தால் புளோயர் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டரைக் கழற்றிய துளையிலும் டிடெக்டர் முனையைக் காட்ட வேண்டும். முனைக்குள் தண்ணீர் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் லீக் காயிலில் இருந்தால் இந்தச் சோதனையில் தப்பவே முடியாது. இரண்டாவது, அதே சொட்டுக் குழாயின் வாயிலும், சொட்டிய தண்ணீரிலும் யூவி விளக்கடித்துப் பார்ப்பது. காயிலிலிருந்து ஒழுகும் ஆயில் தண்ணீரோடு இங்கேதான் வந்து சேரும்.

மூன்றாவதுதான் தீர்ப்பு. கேஸை உறிஞ்சி எடுத்துவிட்டு, எக்ஸ்பான்ஷன் வால்வு பக்கம் இரு பைப்புகளையும் கழற்றி, காயிலை மட்டும் தனியாக அடைப்புத் தட்டு வைத்து மூடி, உலர் நைட்ரஜன் ஏற்ற வேண்டும். 10 பார், ரெகுலேட்டர் வழியாக. தயாரிப்பாளர் அதற்குக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுதான் அளவு. இரவு முழுக்க விட்டால் காலையில் தெரிந்துவிடும். இரவில் 10 டிகிரி குளிர்ந்தால் லீக் இல்லாமலே சுமார் 5 பிஎஸ்ஐ இறங்கும், அந்தக் கழிவைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதைவிட அதிகமாக இறங்கியிருந்தால் முதலில் அடைப்புத் தட்டின் ஓரங்களில் நுரை தடவி அங்கே கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு டாஷ்போர்டைக் கழற்றட்டும். அப்போது நீங்களும் மறுக்க வேண்டாம். இறங்கவில்லை என்றால் மீதிப் பக்கத்துக்கு நைட்ரஜனை மாற்றி ஏற்றி நுரை தடவித் தேடலாம். நைட்ரஜனுக்குப் பதில் டயருக்கு அடிக்கும் காற்றை யாராவது ஏற்ற வந்தால் நிறுத்திவிடுங்கள்: காற்றில் ஈரம் இருக்கிறது, தவிர ஆர்-134ஏ மிச்சத்தோடு அழுத்தக் காற்று கலந்தால் தீப்பிடிக்கும் கலவையாகலாம். ஆக்சிஜன் சிலிண்டர் என்றால் ஆயில் பட்டு வெடிக்கும்.

கேஸ் மட்டும் அடித்துக்கொண்டே ஓட்டினால்?

ஓட்டலாம், கம்ப்ரஸரை விலையாகக் கொடுத்து. ஆயில் கேஸோடு சுற்றித்தான் கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. கேஸ் பாதியானால் ஆயில் வரத்தும் குறையும். கம்ப்ரஸர் சூடேறி உராயும். லீக்கோடு ஆயிலும் போகிறது, மூன்று முறையில் யாராவது அதை அளந்து திருப்பி ஊற்றினார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கண்டென்சரை ஊகத்தில் மாற்றிப் பார்ப்பதும் இதே ரகம்தான், டாஷ்போர்டைவிடச் சுலபம் என்பது தவிர.

ஒர்க்‌ஷாப்பில் எழுதி வாங்க வேண்டியவை

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். பழைய மூன்று பில்களையும் எடுத்துப் பாருங்கள். "லீக் டெஸ்ட்" என்று தனியாகக் காசு வாங்கியிருந்தால், எந்த முறையில், எங்கே, என்ன கண்டார்கள் என்று எழுத்தில் கேட்பது நியாயமான கோரிக்கை. வெறும் கேஸ் நிரப்பலுக்கு மட்டும் பில் போட்டிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம். நிரப்பச் சொன்னது நீங்கள், நிரப்பினார்கள் என்பார்கள். இனிமேல் போகும் இடத்தில் வண்டியை விடும் முன்பே இவற்றைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்: உறிஞ்சிய கேஸ் எத்தனை கிராம், ஏற்றியது எத்தனை கிராம், எந்த வகை ஆயில் எத்தனை மில்லி, லீக் எந்த இடத்தில், அதன் படம். மாற்றிய பாகத்தைக் கையில் வாங்குங்கள். இதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

கேஸின் தரத்தையும் கேளுங்கள். ஆர்-134ஏ என்று பெயர் ஒட்டிய போலிச் சிலிண்டர்கள் சந்தையில் உண்டு. ஆர்-40 எனப்படும் மீத்தைல் குளோரைடு கலந்தவை அலுமினியத்தோடு வினைபுரிந்து ஆபத்தாகும். சமையல் எரிவாயு வகை கலந்தவை தீப்பிடிக்கும். அதேபோல, லீக்கைத் தேட இருக்கிற கேஸைக் காற்றில் திறந்துவிடச் சம்மதிக்க வேண்டாம். பல நாடுகளில் அது குற்றம். எடையும் தெரியாமல் போய்விடும்.

லீக் கிடைத்துச் சரிசெய்த பின், திறந்த ஜாயின்ட்டின் ஓ-ரிங்குகள் புதிதாக, ஆர்-134ஏவுக்கு உரியதாக, எண்ணெய் தடவிப் போடப்பட வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையர், அல்லது கண்டென்சரோடு ஒட்டிய உலர்த்திப் பை, மாற்றப்பட வேண்டும். வேக்கம் அரை மணிக்குக் குறையாமல். பிறகு எடைபோட்டு 450 கிராம், அதற்கு மேல் "ஒரு கைப்பிடி சேர்த்து" வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அதே ஜாயின்ட்டில் யூவி விளக்கு ஒருமுறை. பழைய டைக் கறையைச் சரிசெய்த அன்றே துடைத்திருந்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு.

ஹைப்ரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. அவற்றின் மின் கம்ப்ரஸர்களில் பெரும்பாலும் மின்சாரம் கடத்தாத பிஓஇ ஆயில்தான் இருக்கும். சாதாரண பிஏஜி ஆயிலோ அதில் கரைத்த டையோ உள்ளே போனால் மின்காப்பு கெட்டு வண்டி பிழை காட்டும். புதிய வண்டிகளில் வரும் ஆர்-1234ஒய்எஃப் லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. அதற்கென்று தரம் பெற்ற டிடெக்டரும் மெஷினும் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

கடைசிக் கேள்வி. ஏசியைப் போடாமல் இருந்தால் கேஸ் மிஞ்சாது. நின்ற வண்டியிலும் உள்ளே ஏழு பார் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கிறது, ஓட்டை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மாதக்கணக்கில் சுழலாவிட்டால் ஷாஃப்ட் சீலின் மேல் உள்ள ஆயில் படலம் வற்றி இன்னொரு லீக்கும் சேரும். நல்ல நிலையில் உள்ள வண்டியென்றால் வெயில் இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியைப் போடுவது நல்லது. உங்கள் வண்டியில், கேஸ் குறைந்திருக்கும் இந்த நிலையில், லீக்கைத் தேடும் நாள்வரை சும்மா விடுங்கள். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.